தலைக்கு 9,187

தோல் கழிவால் பாலாறு கெட்டது என்று 1991-இல் போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. டேனரி ஒன்றுக்கு அபராதம் 10,000 ரூபாய். அந்தப் பணத்தில் நிதி அமைத்துப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு தர வேண்டும், சூழலையும் மீட்க வேண்டும்.

நீதிமன்றச் சொற்படி அமைந்த ஆணையம் 2001-இல் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. டீக்கடையில் வகுத்துப் பார்த்தாலும் தலைக்கு 9,187-தான் வரும். கெடுத்தவருக்கான அபராதத்தைவிட எண்ணூறு ரூபாய் சொச்சம் குறைவு. சமத்துவம் இவ்வளவு நெருங்கி வந்ததே பெரிய விஷயம்!

பாழான நிலம் 15,164 ஹெக்டேர் என்று அளந்தாயிற்று. அதில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவளின் இழப்பை எந்தச் சங்கிலி வைத்து அளப்பது?

2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி சொன்னது: இழப்பீட்டுப் பாக்கியை ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் பிறகு வசூலிக்கட்டும். வழக்குப் போட்ட ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு அப்போது வயது 33. அப்பா பெயரில் உள்ள தொகைக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். தாலுகா ஆபீசில் இப்போதே மனுப் போட்டு வைப்பது நல்லது.