தூரிகை ஓடாத மாதங்கள்

கேள்வி: பொழுதுபோக்காகப் படம் வரைகிறேன். சில மாதங்களாகக் கை ஓடவில்லை; கற்பனை வற்றிவிட்டதா? — ஒரு வாசகர், கிளிஞ்சல்மேடு

பதில்: வலை காயும் நாளில் கடல் வற்றிவிட்டதென்று உங்களூரில் யாரேனும் சொல்வார்களா? கற்பனையும் அப்படித்தான்; அது ஓய்ந்திருக்கும்போது கைவேலை அதைக் காக்கும். 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலக் கலைக் கிராமத்தை ஸ்தாபித்த ஓவியர்கள், ஜீவனத்தின் பொருட்டு உருக்கிய மெழுகைத் துணியிலிட்டுச் சாயம் தோய்த்து, பாத்திக் சித்திரங்களாக்கி விற்றார்கள். வயிற்றுக்காகச் செய்த அக்கைத்தொழிலே அவர்களுடைய ஓவிய சுதந்திரத்துக்கும் காவலாயிற்று என்பதால் அவர்கள்மீது எனக்கு அளவிலாத மரியாதை உண்டு. ஆகவே நீங்களும் கைக்குச் சிறு வேலையொன்று கொடுங்கள்: பெரிய சித்திரத்தைச் சற்றே மூடி வைத்துவிட்டு, கரையேற்றிய படகொன்றில் மேல்வர்ணம் உரிந்து அடியிலுள்ள பழைய நீலம் தலைகாட்டும் சாண் அகலத்தை மட்டும், உப்புக்காற்று வருஷக்கணக்காகத் தீட்டியபடியே கரித்துண்டால் பிரதி செய்யுங்கள். கையெழுத்தைக் காற்றே போட்டுக்கொள்ளட்டும்.