கிட்டாரை ஒரே சீராகச் சொதப்புவது எப்படி?

மீன்சுருட்டியில் இருந்துகொண்டு கிட்டார் பழகுவதில் ஒரு பெரிய வசதி. வலது கையைப் பிடித்துத் திருத்த ஆள் வேண்டுமென்றால் கும்பகோணத்துக்கோ சிதம்பரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். நீங்கள் ஏறப்போவதில்லை. ஆகவே இதுவரை செய்துவந்ததையே இன்னும் உறுதியாகச் செய்ய வழி சொல்கிறேன்.

1. பிக்கைத் தினம் மாற்றுங்கள். இன்று காகிதம்போல் வளைவது, நாளை பல்லாங்குழிச் சோழிபோல் தடித்தது. எதற்கும் கை பழகிவிடக் கூடாது. தொலைந்துபோனால் காலாவதியான ஏ.டி.எம். அட்டையை வெட்டுங்கள். ஆனால் எச்சரிக்கை: அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், பிக்குக்குத் தோதான அளவுதான். அதனால் ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடாதீர்கள். பிசிறோடு இருந்தால்தான் கம்பி கரகரக்கும். அட்டையும் இல்லையா? இரண்டு ரூபாய் நாணயம் போதும். யாராவது முறைத்தால், குயீன் குழுவின் பிரயன் மே ஆறு பென்ஸ் நாணயத்தால்தான் வாசிப்பார் என்று சொல்லுங்கள். பல்லாண்டுகளாக ஆறு பென்ஸையே விடாமல் பயன்படுத்துகிறார் என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

2. இறுக்கிப் பிடியுங்கள். கட்டைவிரல் நகம் வெளுக்க வேண்டும். முனை கொஞ்சம்தான் வெளியே தெரிய வேண்டும் என்பார்கள். நீங்கள் பாதி பிக்கை வெளியே விடுங்கள். வியர்வையில் அது திரும்பும். திரும்பட்டும். பல்லவி முடிவதற்குள் மழுங்கிய பக்கத்தால் அடித்துக்கொண்டிருப்பீர்கள். ஒலி மாறியதை ‘ஃபீல்’ என்று அறிவியுங்கள்.

3. மணிக்கட்டை மறந்துவிடுங்கள். முழங்கையிலிருந்து வீசுங்கள். சுண்டுவிரல் ஒரு நாள் பலகையில் ஊன்றட்டும், மறுநாள் அந்தரத்தில் நிற்கட்டும். கை நிலைகொள்ள ஓர் இடம் கிடைத்துவிட்டால் கம்பி எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரிந்துவிடும். அப்புறம் குனிந்து பார்க்க வேலையே இராது.

4. இதுதான் முக்கியமான பாடம், நிதானமாகப் படியுங்கள். கீழடி, மேலடி, கீழடி, மேலடி என்று மாற்றி மாற்றி அடிப்பது எல்லோரும் சொல்லும் முறை. நீங்கள் எல்லாவற்றையும் கீழேயே அடியுங்கள். வேகம் கூடி மூச்சு வாங்கும்போது, ஞாபகம் வந்தால் ஒரு மேலடி. கம்பி மாறும் இடம் வரும்போது இன்னும் கவனமாகக் கவனத்தைக் கைவிடுங்கள். ஒரு கம்பியில் நாலு சுரம் என்றால் அடுத்த கம்பி கீழடியில் தொடங்கும். மூன்று சுரம் என்றால் மேலடியில் தொடங்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு. போடாதீர்கள். பிக்கே முடிவு செய்யட்டும். அது இரண்டு கம்பிக்கு நடுவில் சிக்கி நிற்கும். உடனே கம்பி மட்டம் என்று சொல்லிப் புதுக் கம்பி வாங்குங்கள். புதுக் கம்பியிலும் சிக்கினால் கிட்டாரையே மாற்றுங்கள்.

5. மெதுவாக வாசிக்காதீர்கள். வீணை கற்பவர்களைப் பாருங்கள், பாவம். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை: முதல் காலத்தில் தாள அடிக்கு ஒரு சுரம், அப்புறம் இரண்டு, அப்புறம் நாலு. அதையே கிட்டாரில் மெட்ரோனோம் 60-இல் வைத்து வாசித்தால் எந்த அடி ஓங்கி விழுகிறது, எது பதுங்குகிறது என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். நமக்கு எதற்கு? நேராக ‘இளைய நிலா’வுக்குப் போங்கள். 1982-இல் வெளிவந்த அந்தப் பாட்டை இளையராஜா போட்டதே நீங்கள் முதல் சில விநாடி வாசித்துவிட்டு மீதியை வாயால் முனகத்தான்.

6. தினம் பத்து நிமிடம் என்ற பேச்சே வேண்டாம், பழகிவிடும். ஆறு நாள் கிட்டாரை உறையில் போட்டு வையுங்கள். ஞாயிறு ஐந்து மணிநேரம் விடாமல் அடித்துவிட்டு, மணிக்கட்டு வலியை வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள்.

7. போனில் பதிவு செய்து கேட்காதீர்கள். படம் எடுக்கலாம். கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில்தானே இருக்கிறது? ராஜேந்திரன் கட்டிய விமானம் பின்னால் தெரிய, புல்வெளியில் நின்று ரீல்ஸ் எடுங்கள். ஒலியை வேறொருவர் வாசித்ததிலிருந்து ஒட்டிக்கொள்ளுங்கள். சுரம் ஓடும்போது உங்கள் கை நிற்கும், கை ஓடும்போது சுரம் நின்றிருக்கும். லைக் போடுகிறவர்கள் கையைப் பார்ப்பதில்லை.

8. திருவிழா மேடையா? மைக் செட்டுக்காரரைத் தனியே அழைத்து, “அண்ணே, கீபோர்டை ஏத்தி வைங்க” என்று சொல்லுங்கள். கிட்டார் பிட்டையும் கீபோர்டுக்காரத் தம்பியையே வாசிக்கச் சொல்லிவிடுங்கள். உங்கள் வேலை தலையை ஆட்டுவது.

9. இப்போது நீங்கள் வகுப்பு தொடங்கலாம். பக்கத்து வீட்டுப் பையனிலிருந்து ஆரம்பியுங்கள். அவன் “அண்ணா, மேலடி எப்போ வரும்?” என்று கேட்டால், “அதெல்லாம் ரெண்டாவது வருஷம்” என்று சொல்லுங்கள். முதல் வருஷக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.