வேலியும் பயிரும்

கேள்வி: முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலைக் கணினியில் ஓடவிடுவது, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது ஆகாதா?

பதில்: காவலின்றி ஓடவிட்டால் அப்படித்தான் ஆகும். எந்திர மொழியில், அதாவது செயலி நேரடியாக நிறைவேற்றும் ஆணைகளாக அமைந்த நிரல், தனக்கு இடம் கொடுத்த மென்பொருளின் நினைவகம் முழுவதையும் படிக்கவும் அழிக்கவும் வல்லது. ஆயினும் வேகம் வேண்டியும், சி மொழியில் பல்லாண்டுகளாக எழுதிச் சேர்த்த நூலகங்களைக் கைவிட இயலாமலும், அத்தகைய நிரலை ஓட்ட வேண்டிய தேவை நீங்கவில்லை. இதற்கு 1993-இல் ராபர்ட் வாபே, ஸ்டீவன் லூக்கோ, தாமஸ் ஆண்டர்சன், சூசன் கிரஹாம் ஆகிய நால்வர் ஒரு வழி கண்டனர். நினைவகத்தில் எழுதும் ஆணைக்கு முன்னால், முகவரியின் மேல் பிட்டுகளை மாற்றியமைக்கும் ஓரிரு ஆணைகளை, நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் சேர்த்துவிட்டால், நிரல் எந்த முகவரியைக் கேட்டாலும் தனக்கென ஒதுக்கிய பகுதிக்குள்தான் எழுத முடியும்.

கேள்வி: அந்தக் கம்பைலரே கள்ளனோடு கூட்டுச் சேர்ந்து, வேலியே பயிரை மேய்ந்தால்?

பதில்: கம்பைலரை நம்பவே தேவையில்லை என்பதுதான் இவ்வழியின் பேரழகு. அது ஆக்கித் தரும் ஆணைகளை, ஓடத் தொடங்கும் முன்பே சரிபார்ப்பி என்னும் சிறு நிரல் படித்துப் பார்த்து, விதி மீறியவற்றைத் திருப்பி அனுப்பிவிடும். உலாவிக்குள் எந்திர மொழி நிரலை ஓட்டுவதற்காகக் கூகுள் உருவாக்கி, 2009-இல் ஆய்வுக் கட்டுரையாக விவரித்த நேட்டிவ் கிளையண்ட் இவ்வாறே இயங்கியது.

ஆனால் அப்படிப் படிப்பது எளிதன்று. இன்டெல் வகைச் செயலிகளில் ஆணைகளின் நீளம் ஒரே சீராக இல்லாமையால், ஒரே பைட் வரிசைக்கு இரு பொருள் அமையக்கூடும். ‘பி8 சிடி 80 00 00’ என்னும் 5 பைட்டுகள், முதலிலிருந்து படித்தால், ஓர் எண்ணைச் செயலியின் பதிவகத்தில் இடும் சாதுவான ஆணை. ஒரு பைட் தள்ளி உள்ளே தாவினாலோ, ‘சிடி 80’ என்பது லினக்ஸ் இயங்குதளத்தையே அழைக்கும் ஆணை. இதற்கு ஸ்டீபன் மெக்கமன்ட், கிரெக் மாரிசெட் இருவரும் 2006-இல் ஒரு தீர்வு தந்தனர்: நிரலை 16 பைட் கட்டங்களாகப் பிரித்து, எந்த ஆணையும் கட்டத்தின் எல்லையைத் தாண்டிக் கிடக்கக் கூடாது என்றும், ஓடும்போது கணக்கிட்ட முகவரிக்குத் தாவினால் கட்டத்தின் தொடக்கத்தில் மட்டுமே இறங்கலாம் என்றும் விதித்தனர். நேட்டிவ் கிளையண்ட் அதை 32 பைட் கட்டமாக்கி, முகவரியின் கடைசி 5 பிட்டுகளைச் சுழியாக்கிய பின்பே தாவ அனுமதித்தது.

கேள்வி: சரிபார்ப்பியைச் சரிபார்ப்பவர் யார்?

பதில்: கணிதம். 2012-இல் மாரிசெட் குழுவினர், கணித நிறுவல்களைச் சரிபார்க்கும் காக் என்னும் மென்பொருளில் இன்டெல் ஆணைகளுக்கு இலக்கணம் வகுத்து, அதன்வழி ராக்சால்ட் என்னும் சரிபார்ப்பியை உருவாக்கி, அது சரியானதென்று நிறுவினர். அது கூகுளுடையதைவிடச் சிறியது, வேகமானதும்கூட.

கேள்வி: இவ்வளவு காவலையும் மீறி யாரும் தப்பியதில்லையா?

பதில்: தப்பியதுண்டு. 2015-இல் கூகுளின் ஆய்வாளர்களே, நினைவகச் சில்லின் ஒரே வரிசையை ஓயாமல் தட்டினால் அண்டை வரிசையின் பிட்டுகள் தாமாகப் புரளும் ரோஹேமர் குறைபாட்டைக் கொண்டு, சரிபார்த்து முடிந்த ஆணைகளையே மாற்றிக் காட்டினர். அதற்குத் துணைபோன, இடைமாற்று நினைவகத்தைக் காலி செய்யும் ஆணை நேட்டிவ் கிளையண்டில் தடைசெய்யப்பட்டது. நிரல் சரியானதென்று நிறுவினாலும், அது ஓடும் சில்லு வாக்குத் தவறினால் நிறுவல் நிற்காது என்பதை ஆய்வாளர்கள் மறக்கலாகாது.

கேள்வி: இதனால் சாதாரண மனிதருக்கு என்ன பயன்?

பதில்: நேட்டிவ் கிளையண்ட் வழக்கொழிந்து, அதன் இடத்தை, தனக்கென ஒதுக்கிய நினைவகத்துக்குள் அடங்கி ஓடும் நிரல் வடிவமான வெப்அசெம்பிளி பிடித்துக்கொண்டாலும், பயன் கைக்கு எட்டிவிட்டது. 2021 டிசம்பரில் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 95, எழுத்துருவை அமைக்கும் கிராஃபைட், எழுத்துப்பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல் உள்ளிட்ட சில நூலகங்களை வெப்அசெம்பிளியாக மாற்றி, மீண்டும் எந்திர மொழியாக்கி, தனித்தனியே அடைத்து ஓட்டியது. வெளியிலிருந்து வரும் கோப்பைப் பிரித்துப் படிக்கும் சி நூலகம் எதுவாயினும், அதை இவ்வாறு அடைத்து ஓட்டுவதே முறை.