ஒரு தட்டு தட்டிப் பாருங்க

போன வியாழக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குச் சற்று முன்னால், ஜிஎஸ்டி ரோட்டில் என் கார் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. பெட்ரோல் முள் பாதி டேங்க் காட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாளும் பாதிதான். யோசித்துப் பார்த்தால் தீபாவளியிலிருந்தே பாதிதான். அதை இத்தனை நாள் மைலேஜ் என்று நினைத்திருந்தேன்.

செங்கல்பட்டில் கல்யாண வரவேற்பு. பின் சீட்டில் பட்டுப்புடவையோடு மனைவியும் மாமியாரும், முன் சீட்டில் மச்சினன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தார். மச்சினன் மட்டும் பதறவில்லை. டேஷ்போர்டை ஒரு டாக்டரைப் போலப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, ஒரு தட்டு தட்டிப் பாருங்க."

தட்டினேன். அதுதான் இன்னும் ஆறவில்லை. பெட்ரோல் தீர்ந்து நிற்கிற வண்டியில், முள் இருக்கிற கண்ணாடியை, படித்தவன் நான், தட்டினேன். அது அசையவில்லை. அவன் தட்டினான். இரண்டு சீட்டுக்கு நடுவில் மாமியாரின் கையும் நீண்டு வந்து ஒன்று வைத்தது.

இந்தச் சம்பவத்தில் ஒரு வாழ்க்கைப் பாடம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் தட்டுவதைப் பற்றி இரண்டு வார்த்தை.

நம் வீட்டில் தட்டு வாங்காத சாமான் எது? ரேடியோவைத் தட்டித்தான் செய்தி கேட்டோம். கறுப்பு வெள்ளை டிவிக்குத் தினமும் வலது விலாவில் ஓர் அறை. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் இரண்டு. எங்கே, எவ்வளவு பலத்தில் என்பது வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் அப்பா. அவர் வெளியூர் போனால் டிவிக்கும் லீவு. டார்ச் லைட்டைத் தொடையில் தட்டுவோம். ரிமோட்டை உள்ளங்கையில் தட்டுவோம். கேட்காவிட்டால் மூடியைக் கழற்றி பேட்டரியை உருட்டுவோம். அப்புறம் அதைப் பல்லால் கடிப்போம். புது பேட்டரி வாங்குவது மட்டும் யாருக்கும் தோன்றாது. டியூப்லைட் கண் சிமிட்டினால் துடைப்பக்கட்டையால் ஸ்டார்ட்டருக்கு ஒரு இடி. ஃபேன் ரெகுலேட்டர், மிக்ஸி, சுவர்க்கடிகாரம், எல்லாவற்றுக்கும் உண்டு. போன மாதம் எதிர்வீட்டு சாஃப்ட்வேர் பையன், ஐந்து வருடம் அமெரிக்காவில் இருந்தவன், எங்கள் வைஃபை பெட்டியை இரண்டு தட்டு தட்டிவிட்டு "இப்ப பாருங்க அங்கிள்" என்றான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று முதலில் சொன்னவர் கையில் கட்டாயம் ஒரு பழுதான சாமான் இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009-இல் சட்டமே வந்துவிட்டது. சாமான்களுக்குத்தான் இன்னும் நாதியில்லை.

கொடுமை என்னவென்றால், சில சமயம் பலித்துத் தொலைக்கிறது. உள்ளே எங்கேயாவது லூஸ் காண்டாக்ட் இருந்தால் தட்டுகிற அதிர்ச்சியில் ஒட்டிக்கொள்ளும். பத்தில் ஒன்று பலித்தால் போதாதா? ஜோசியமே அப்படித்தானே ஓடுகிறது?

வாழ்க்கைப் பாடத்தை மறக்கவில்லை. வருகிறது.

பாட்டிலில் பெட்ரோல் தர முடியாது என்று பங்க்கில் சொல்லிவிட்டார்கள். ஒரு ஆட்டோக்காரர் புண்ணியத்தில் கேன் கிடைத்து, நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் ரசமும் அப்பளமும் மிச்சமிருந்தன. மறுநாளே மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறந்தார், இரண்டு நிமிடம் உள்ளே பார்த்தார், மூடினார். "வேற வண்டி எடுத்துடுங்க சார்." இதைச் சொல்ல பானெட் எதற்கு? 1998 மாடல் வண்டி வைத்திருப்பவனைப் பார்த்தால் ஊரில் எல்லாருக்கும் சொல்ல இந்த ஒரு வாக்கியம்தான் இருக்கிறது.

அடுத்த தெரு எலக்ட்ரீஷியன் சின்னப் பையன். டேஷ்போர்டுப் பக்கமே அவன் போகவில்லை. பின் சீட்டைத் தூக்கினான். கீழே டேங்க். அதன் தலையில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாவியைப் போட்டுப் பார்க்கச் சொன்னான். முள் காலிக்கு இறங்கிக் கிடந்தது. பிளக்கிலிருந்து வரும் வயரை ஒரு துண்டுக் கம்பியால் பாடியில் எர்த் செய்தான். முள் மெதுவாக, இட்லி உப்புகிற வேகத்தில், ஃபுல்லுக்கு ஏறியது. "மீட்டர் நல்லாருக்கு சார். டேங்க் யூனிட்தான் போச்சு."

அந்த மீட்டருக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடு, அதைச் சுற்றிக் கம்பி. கரண்ட் வந்தால் சூடாகித் தகடு வளையும், அதன்படி முள் நகரும். தகவல் வருவது டேங்க்குக்குள் மிதக்கிற ஒரு ஃப்ளோட்டிலிருந்து. அது ஏறி இறங்கும்போது ரெசிஸ்டன்ஸ் கூடிக் குறையும். ஆக, வலி பின் சீட்டுக்கு அடியில். நாங்கள் மூன்று பேரும் தட்டியது ஆறடி தள்ளி. வயிற்றுவலிக்காரனைக் கன்னத்தில் அறைந்த வைத்தியம்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சிகரெட்டோடு வேடிக்கை பார்க்க வந்தவரை விரட்டிவிட்டு, யூனிட்டை வெளியே எடுத்தான். ஃப்ளோட்டின் கை நடுவழியில் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதுதான் என் பாதி டேங்க்.

"எப்பவும் கொஞ்சமாத்தான் போடுவீங்களா சார்?"

கேட்டானே! நாம் எல்லாரும் செய்வதுதான். "இருநூறுக்குப் போடுப்பா" என்போம், மீட்டரில் ஜீரோ பார்ப்போம், அடுத்த பங்க்கில் ஒருவேளை இலவசமாகத் தருவார்களோ என்கிற மாதிரி கிளம்பிவிடுவோம். டேங்க் காலியாகவே கிடந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் வேர்த்துத் தண்ணீராக அடியில் தங்கும். தண்ணீர் வந்தால் துரு. இருபத்து மூன்று வயதுப் பையன் என் கஞ்சத்தனத்தை ஸ்பானரில் தூக்கிக் காட்டினான்.

புதுப்பேட்டையில் நான்கு கடை ஏறி, 450 ரூபாய்க்கு இதே மாடலின் யூனிட் ஒன்று கிடைத்தது. எர்த் பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினான். கூலி 300. வண்டியை வேறு விற்கச் சொல்லவில்லை. அதற்கே தனியாக ஐம்பது கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். முன் சீட்டில் உட்கார்ந்ததும் கண் முள்ளுக்குப் போனது. "என்ன மாமா, செலவு பண்ணியும் கீழேயே கிடக்கு?" நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு தட்டு.

என் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடியை இறக்குங்கள், பாட்டை மாற்றுங்கள், நான் ஓட்டுகிற லட்சணத்தைத் திட்டுங்கள். டேஷ்போர்டில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த முள் இப்போது உண்மையைத்தான் சொல்கிறது. வண்டியில் பெட்ரோல் இல்லை.