குதிரைசக்தி மாமா

மதுக்கரையிலிருந்து கோவை காந்திபுரத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பும் பையன் தனியாகப் போவதில்லை. கூடவே ஒரு மாமா போவார். சொந்தத் தாய்மாமனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, எதிர்வீட்டுக்காரராகவும் இருக்கலாம். தகுதி ஒன்றுதான்: ஆயுளில் பாதியை மோட்டாரோடு கழித்திருக்க வேண்டும். மில் எலக்ட்ரீஷியன், சிமெண்ட் ஆலை ஃபிட்டர், குறிச்சி சிட்கோவில் வைண்டிங் பட்டறை, இதில் ஏதாவது ஒன்று. கம்ப்யூட்டரைத் தொட்டதேயில்லை என்பதை அவரும் குறையாக நினைப்பதில்லை, கூட்டிப்போகிறவர்களும் நினைப்பதில்லை. “கரண்ட்டு எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்” என்பார். சட்டைப் பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும்.

மோட்டார் விஷயத்தில் மாமாவை அசைக்க முடியாது. ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு, “பேரிங் போச்சு, இன்னும் பத்து நாளைக்குத் தாங்கும்” என்பார். தாங்கும், பதினோராம் நாள் நிற்கும். கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்தே செம்பா, பெயிண்ட் அடித்த அலுமினியமா என்று சொல்வார். போர்வெல் ஆழத்தைச் சொன்னால் போதும், எத்தனை எச்.பி., என்ன கேபிள், பேனல் போர்டு எங்கே மாட்டுவது என்பதுவரை வந்துவிடும். வாட்ஸ் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. 746-ஆல் வகுத்துக் குதிரைசக்தியாக்கிய பிறகுதான் மனது சமாதானமாகும். அவர் கணக்கில் மிக்ஸி ஒரு எச்.பி.க்குக் கொஞ்சம் குறைவு, இஸ்திரிப்பெட்டி ஒரு எச்.பி.க்கு மேல், வீட்டுக்கார அம்மா ஐந்து எச்.பி.

தகராறு, கம்ப்யூட்டருக்குள் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் வாங்கும்போதுதான் ஆரம்பிக்கும்.

பையனுக்கு ஷேர் மார்க்கெட் ஆசை. காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கும்போது எதிரே நாலு மானிட்டர் வேண்டும். அப்பா கொடுத்தது ஐம்பதாயிரம். நாலு எதற்கு என்று கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறான். 2024 பிப்ரவரியில் மதுக்கரைக் காட்டுப் பக்கம் ரயில் பாதையோரம் 12 கோபுரங்களில் கேமரா வைத்து, யானை தண்டவாளத்தை நெருங்கினால் முன்கூட்டியே சொல்லும் ஏற்பாட்டை வனத்துறை தொடங்கியது. செலவு 7.24 கோடி ரூபாய். “அங்க கண்ட்ரோல் ரூமுல உக்காந்து ஸ்கிரீன ஸ்கிரீனாப் பாக்கறாங்கல்லங் மாமா, அதாட்ட.” யானைக்கே அத்தனை என்றால் நிஃப்டிக்கு நாலு கூட இல்லாவிட்டால் எப்படி?

மாமா சம்மதித்துவிட்டார். கரண்ட் பில்லைத் திருப்பிப் போட்டு, பையனின் பேனாவை வாங்கிக் கணக்கெழுதினார். மானிட்டர் ஒன்றுக்கு நூறு, நாலுக்கு நானூறு. கம்ப்யூட்டருக்கு இருநூறு. மொத்தம் அறுநூறு. “ஸ்டார்ட்டிங் கரண்ட்டு மூணு மடங்கு போடு. ஆயிரத்தெண்ணூறு. சரி, நம்ம பையன்னு ஆயிரத்துக்கு முடிச்சுக்கலாம்.”

இந்தக் கணக்கைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் மோட்டார் தெரியாதவர்கள். நேரடியாக ஸ்டார்ட் ஆகும் இண்டக்‌ஷன் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு ஆம்ப்பியர் இழுக்கும். அதை யோசிக்காமல் ஒயர் போட்டவன் வீட்டில் ஃபியூஸ் பறக்கும். மாமாவின் மூன்று மடங்கு அப்படிப் பறந்த பல ஃபியூஸ்களிலிருந்து வந்தது. பாவம், மானிட்டருக்குச் சுவரில் தனி பிளக் உண்டு என்பதுதான் அவர் கணக்கில் வரவில்லை. நாலு மானிட்டர் வைத்தாலும் நாற்பது வைத்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதில் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது சோறு போடுவது பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். மானிட்டரும் நூறு வாட் தின்பதில்லை, 24 அங்குல எல்இடி என்றால் சுமார் இருபது, முப்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

பெட்டிக்குள் நாலு திரையால் கூடுகிற சுமை கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றுதான். கேம் விளையாடாத பையனுக்கு என்விடியா டி600 மாதிரி ஒரு சின்னக் கார்டு போதும். நாலு திரை ஓட்டும், 40 வாட் எடுக்கும், அந்தக் காலத்துக் குண்டு பல்பு அளவு. இன்டெல் ஐ5 12400 வகைப் பிராசஸர் முழு மூச்சில் ஓடினால் 117. போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக ஐம்பது. இருநூற்றுச் சொச்சம்தான் வருகிறது. ஒழுங்கான 450 வாட் எஸ்எம்பிஎஸ் இதற்கு அலுங்காமல் ஓடும்.

ஒழுங்கான என்ற சொல்லுக்குத்தான் விலை. கடையில் இரண்டு பெட்டியை எடுத்து வைத்தான் கவுண்டர் பையன்.

“இது 450 வாட்டுங்ணா, 80 பிளஸ் பிரான்ஸ். மூவாயிரம் ஆகுமுங்.”

“அது?”

“ஆயிரம் வாட்டுங்ணா. எண்ணூத்தம்பது ரூவாதானுங்.”

மாமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “பாதி வாட்டுக்கு மூணு மடங்கு காசா? என்ன தம்பி, எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?”

80 பிளஸ் என்பது 2004-இல் வந்த சான்று. சுவரிலிருந்து இழுப்பதில் எண்பது சதவீதத்துக்குக் குறையாமல் உள்ளே கொடுக்க வேண்டும், மிச்சம்தான் சூடாகப் போகலாம். பிரான்ஸ் என்னும் வெண்கலம், கோல்டு எல்லாம் அதற்கும் மேல். பையன் இதை விளக்கினான். “எம்பது மார்க்குன்னா நல்ல மார்க்குத்தான்” என்று ஒப்புக்கொண்டார் மாமா, விலையை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

நடுவில் அத்தையிடமிருந்து போன். ஆயிரம் வாட் என்றால் மணிக்கு ஒரு யூனிட், வருகிற நூறு யூனிட் இலவசமும் சில நாளிலேயே தீர்ந்துவிடும் என்பது அத்தையின் வாதம். கணக்கு சுத்தம், பொருள்தான் வேறு. ஆயிரம் என்பது கொடுக்க முடிகிற உச்சம். கேட்கிற அளவுதான் சுவரிலிருந்து இழுக்கும். மாமா அதையெல்லாம் சொல்லவில்லை. “வெச்சர்றேன், பஸ்ஸுல இருக்கறேன்” என்றார்.

அடுத்து எடைச் சோதனை. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் கனமாக இருக்கும் என்பது மாமாக்களின் வேதம். எண்ணூற்றைம்பது ரூபாய்ப் பெட்டி கையில் பஞ்சாக நின்றது. மூவாயிரம் ரூபாய்ப் பெட்டி நன்றாகவே கனத்தது. மாமா முகத்தில் லேசான கலக்கம். “எடைய நம்பக் கூடாதுங்ணா” என்றான் கவுண்டர் பையன். “அதும் செரிதான். எங்கூரா இருந்தா உள்ள ஒரு கட்டி சிமெண்ட்ட வெச்சுக் குடுத்துருவான்” என்று மாமா தன் கலக்கத்தைத் தானே தேற்றிக்கொண்டார்.

பணத்தை எடுக்கப் போனவர் பெட்டியைக் கவிழ்த்தார். நேம் பிளேட் படிக்காமல் எந்த மோட்டாருக்கும் அவர் காசு கொடுத்ததில்லை. கண்ணாடியை மாட்டினார். முன்பக்கம் கொட்டை எழுத்தில் ஆயிரம். அடியில் ஒட்டியிருந்த பட்டியலில் பொடி எழுத்து: 12 வோல்ட், 14 ஆம்ப்பியர். பிராசஸரும் கார்டும் வாழ்வது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் என்று பையன் சொன்னான். மாமாவின் உதடு அசைந்தது.

“பன்னெண்டப் பதினாலால பெருக்குனா நூத்தியறுவத்தெட்டு. ஏந்தம்பி, கால் குதிர கூட இல்ல. ஆயிரம்னு ஒட்டியிருக்கறயே?”

“அது பீக்குங்ணா.”

“அரை எச்.பி. மோட்டார மூணு எச்.பி.ன்னு குடுக்கறவன நாங்க பீக்குன்னு சொல்றதில்ல. எங்கூருல அதுக்கு வேற பேரு.”

அந்தப் பேரை அவர் சொல்லவும் செய்தார். இங்கே எழுத முடியாது. 450 வாட் பெட்டியைக் கவிழ்த்து அதன் ஆம்ப்பியரையும் பெருக்கிப் பார்த்தார். விடை ஏறக்குறைய முன்பக்கத்து எண்ணிலேயே வந்து நின்றது. மூவாயிரத்தை எண்ணிக் கொடுத்தார், முகத்தில் தெளிவில்லை. ஆயிரத்துக்குக் கிளம்பி நானூற்றைம்பதோடு திரும்புவது அவர் வரையில் பொண்டாட்டி வீட்டார் முன்னால் தலைகுனிவு. மீதிக் காசுக்குள் அடங்கும்படி உக்கடத்தில் பழைய மானிட்டர் நாலு, வெவ்வேறு உயரத்தில், கிடைத்தன.

மறுநாள் ஒன்பதேகாலுக்கு மாமா காப்பி டம்ளரோடு பையன் பின்னால் வந்து நின்றார். 2021-22 முதல் மூன்று நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ என்ற வாயிதா வியாபாரம் ஆடிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டதாகச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சொன்ன கணக்கு அவருக்குத் தெரியாது. பையனுக்குத் தெரியும், சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் நாலு மானிட்டரும் மேலிருந்து கீழ்வரை ரத்தச் சிவப்பு. பையன் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

மாமா குனிந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“லோடு தாங்கல மாப்ள. இதுக்குத்தான் ஆயிரம் வாட்டு வாங்கலாம்னேன்.”