திரைத் தாசில்தாருக்கு ஒரு மனு

அனுப்புநர்: லினக்ஸ் கணினியை வைத்துப் பிழைப்பவன், ஜெராக்ஸ் கடை, மாமல்லபுரம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்: கட்டற்ற கணினிகளின் திரைத் தாசில்தார் அவர்கள், அலுவலகம் எங்கிருந்தாலும்.

பொருள்: பழைய அலுவலகத்தில் கதவு இல்லாதது, புதியதில் சாவி கிடைக்காதது தொடர்பாக.

ஐயா,

1984-ல் எம்.ஐ.டி.யில் பிறந்து, 1987 முதல் பதினோராம் பதிப்பாகவே லினக்ஸ் திரையில் ஜன்னல்களைக் காட்டும் பணியில் நீடிக்கும் மூத்த எழுத்தர் எக்ஸ் மீது எனக்குப் பகையில்லை. வெள்ளந்தி. ஒரு ஜன்னலில் நான் தட்டும் கடவுச்சொல்லைப் பக்கத்து ஜன்னல் கேட்டால், "எழுதிக்கப்பா" என்று கொடுத்துவிடுவார். திரைப்பூட்டும் அவருக்கு இன்னொரு மனுதாரர்தான். ஏதாவதொரு மெனு விரிந்து கிடந்தால் கீபோர்டு அதன் பிடியில் இருக்கும். பூட்டு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அப்படி ஒருநாள் மெனுவை மூடாமல் டீக்குப் போனேன். திரும்பினால், திரையில் ஒரு பிரெஞ்சுக்காரரின் பாஸ்போர்ட். வரிசையில் நின்றவர்கள் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். புதுத்திரை ஒன்றைப் பக்கத்தில் மாட்டினேன். எக்ஸ் இரண்டையும் ஒரே அளவுகோலில் அளந்தார்: ஒன்றில் எழுத்து பூசணி, மற்றதில் கடுகு.

இவருக்கு மாற்றாக 2008-ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கியது வேலண்ட். காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் மாவட்டத்தைப் பிரிப்பதாக 2019 ஜூலையில் அறிவித்து, நவம்பரில் முடித்தார்கள். எக்ஸிடமிருந்து வேலண்டுக்கு மாறும் உங்கள் பாகப்பிரிவினையோ பதினைந்து ஆண்டு தாண்டியும் ஓடுகிறது. காரணம், வேலண்ட் ஆளே அல்ல, வெறும் விதிப்புத்தகம். அதன்படி அலுவலகத்தை க்னோம், கேடிஇ மேசைச்சூழல்கள் தனித்தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். ஸ்கிரீன்ஷாட்டுக்குப் 'போர்ட்டல்' வழியாக மனு. தன் ஜன்னல் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல நிரலுக்கு உரிமை கிடையாது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டப் போனால் எழுத்து உள்ளீட்டுக்கு முதற்பதிப்புப் படிவமா, மூன்றாம் பதிப்பா என்று வழக்கு. என் உலாவி ஒன்றை நீட்ட, மேசைச்சூழல் மற்றதைக் கேட்டது. 'க' போட்டால் 'எச்' விழுந்தது. பழைய நிரல்களுக்கு என்ன வழி என்றால், பின்கட்டில் எக்ஸ்வேலண்ட் என்ற பெயரில் அதே எழுத்தர் உட்கார்ந்திருக்கிறார்!

இங்கே ஐந்து ரதங்களையும் மேலிருந்து கீழாகத்தான் செதுக்கினார்கள். தருமராஜ ரதத்தின் அடித்தளம் இன்னும் முடியாமலே நிற்கிறது. உங்கள் பணியிலும் உச்சியில் நிழலும் நளினமும் பளபளக்கின்றன. தட்டச்சு அடியில் பாறையாகவே கிடக்கிறது. அதற்குள் 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, க்னோம் மேசையில் எக்ஸுக்கு நாற்காலியே போடவில்லை.

இந்த மனுவை வேலண்டில் தொடங்கி, பழைய கணினியில் எக்ஸிடம் போய் முடித்தேன். மெனு எதுவும் திறந்திருக்கவில்லை என்று இருமுறை பார்த்துவிட்டு டீக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள பயனர்