நன்கொடை நோட்டின் மேல்வரி: ஒரு தெருமுனை ஆய்வு

ஆனி மாதக் கடைசி ஞாயிறு, காலை ஒன்பதரை மணிக்கு வாசல் கேட்டின் கொண்டி தட்டப்பட்டால், வந்திருப்பது பால்காரர் அல்லர் என்பது சென்னைப் புறநகரில் குடியிருக்கும் எவருக்கும் தெரியும். பால்காரர் தட்டிவிட்டுப் போய்விடுவார். ஆடிக்கூழ் வசூலுக்கு வருபவர்கள் தட்டிவிட்டு நிற்பார்கள். இந்த நிற்றல் பற்றித் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் வந்ததாகத் தெரியாததால், அக்குறையைப் போக்க முற்படுகிறது இக்கட்டுரை.

ஆய்வுக்களம், ஆய்வாளரின் வாசல். காலம், பதினொரு ஆண்டுகள். முதல் நான்கு ஆண்டுகளில் ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தே தரவுகள் திரட்டப்பட்டன என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். தரவுகள் அப்போது வெளியே நின்று, “உள்ள ஃபேன் ஓடுதுடா” என்று தமக்குள் பேசிக்கொண்டன. ஐந்தாம் ஆண்டிலிருந்து நேர்காணல் முறைக்கு மாற வேண்டியதாயிற்று.

முதலில் சொல்லாட்சி. அழைப்பிதழில் ‘நன்கொடை’ என்று அச்சாகிறது. தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘வசூல்’ என்பார்கள். வசூல் அரபியிலிருந்து வந்த சொல், ரசீது பாரசீகத்திலிருந்து வந்தது, பாக்கி மறுபடியும் அரபி. ஆகக் கொடுப்பதற்கு மட்டுமே நம்மிடம் சொந்தச் சொல் இருந்திருக்கிறது. வாங்குவதற்கு வெளியிலிருந்து ஆள் வைத்திருக்கிறோம்.

வசூலுக்கு வரும் குழுவில் நால்வர். ஒருவர் நோட்டு வைத்திருப்பார். கல்லூரியில் படிக்கும் பையன், கையெழுத்து நன்றாக இருப்பதே தகுதி. இன்னொருவர் பணப்பை. மூன்றாமவர் பேசுபவர். “சார், நம்ம அம்மனுக்கு ரெண்டாவது ஞாயித்துக்கெழம கூழு ஊத்தறோம், பாத்து செய்ங்க” என்பதற்கு மேல் அவர் எதுவும் பேசுவதில்லை. அதைப் பதினொரு விதமாகச் சொல்லத் தெரிந்தவர். நான்காமவர் சும்மா நிற்பார். இவர் எதற்கு என்று நெடுநாள் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், அவர் எங்களுக்குத் தண்ணீர்க் கேன் போடுகிறவர். மே மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கேன்களை மாடிக்குத் தூக்கி வந்து கொடுத்தவர் வாசலில் வாய் திறக்காமல் நிற்கும்போது, நூறு ரூபாய்த் தாளை எடுத்த கை தானாகவே இன்னொன்றையும் எடுக்கிறது. குழுவின் முதுகெலும்பு இந்த நான்காமவர்தான் என்பது என் துணிபு.

இனி இக்கட்டுரையின் கருதுகோளுக்கு வருவோம். இதை மேல்வரி விதி என்று அழைக்கலாம். ஒருவர் எழுதும் தொகை அவர் வருமானத்தைப் பொறுத்ததன்று, பக்தியைப் பொறுத்ததுமன்று. நோட்டில் தமக்கு நேர் மேலே உள்ள வரியைப் பொறுத்தது. மேலே 501 இருந்தால் கீழே 500 விழும். மேலே 200 இருந்தால், மூன்று மாடி கட்டி லிஃப்ட் வைத்தவரும் 200தான் எழுதுவார். எழுதிவிட்டு, “எல்லாரும் போடறத நாமளும் போடுவோம்” என்று சமத்துவம் பேசுவார். ஆகையால்தான் எவரும் நோட்டைக் கையில் வாங்கிப் புரட்டாமல் தொகை சொல்வதில்லை. விழா என்றைக்கு என்று பார்ப்பதுபோல் புரட்டுவார்கள். விழாத் தேதி அட்டையில் இருக்கிறது.

இவ்விதி குழுவினருக்கு நமக்கு முன்பே தெரியும். எங்கள் தெரு நோட்டின் முதல் வரியில் ஆண்டுதோறும் ‘ஒரு நலம் விரும்பி - 1001’ என்றே இருக்கும். பெயர் சொல்லிக்கொள்ளாத அந்த வள்ளல் யாரென்று சென்ற ஆண்டு ஆராய்ந்தபோது, நலம் விரும்பியின் ‘பி’க்குப் போட்ட சுழியும், நோட்டுப் பையன் என் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் ‘பின் போர்ஷன்’ என்று எழுதியபோது போட்ட சுழியும் ஒன்றே எனக் கண்டேன். விழா முடிந்து ஒட்டிய கணக்கில் வரவுப் பக்கம் நலம் விரும்பி 1001. செலவுப் பக்கத்தில் இதர வகை, அதுவும் 1001. கணிதம் பிசகவில்லை.

சிறு தொகை விழுந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தெருமுனைப் பூக்கார அம்மா சென்ற ஆண்டு ஐம்பது ரூபாய் கொடுத்து, “பேரு போட்டு எழுதுப்பா” என்றார். பையன் எழுதினான். எழுதியதும் அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டான். முந்தைய பக்கத்தில் பாதி காலி. அடுத்த வீடு பல் மருத்துவருடையது. புதுப் பக்கத்தின் தலையில் அவர் யாரையும் பார்க்க முடியாமல் தவித்து, நெற்றியைத் தேய்த்து, கடைசியில் 1000 எழுதினார். இதைப் பார்த்த பிறகு, எங்கள் குழுவினரை ‘வேலைவெட்டி இல்லாத பசங்க’ என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

மேல்வரி விதி நேற்று முளைத்ததன்று. 1010இல் தஞ்சைப் பெருங்கோயிலை எழுப்பி முடித்த முதலாம் ராஜராஜன், தான் கொடுத்தவை, தன் அக்கன் குந்தவை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை என எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். வரிசையைக் கவனிக்க வேண்டும். முதல் வரியில் சக்கரவர்த்தியே இருக்கும்போது கீழே வருகிறவர் கையைச் சுருக்க முடியுமா? எங்கள் நலம் விரும்பிக்கு இவ்வளவு பெரிய முன்னோர் இருக்கிறார்.

சோழர் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஒருவர் 96 ஆடுகள் கொடுப்பது வழக்கம். ‘சாவா மூவாப் பேராடு’ என்று அவற்றுக்குப் பெயர். கொடுத்தவர் புண்ணியத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார். ஆடு செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கை குறையாமல் வைத்து நாள்தோறும் நெய் அளப்பது இடையர் பொறுப்பு. தொண்டர் என்னும் இனத்தின் முதல் சான்று அந்த இடையர்தான் என்பேன். அவர் பெயரைப் பலரும் படிப்பதில்லை, ஆடு கொடுத்தவர் பெயரைத்தான் படிக்கிறோம்.

நவீன காலத்தில் இந்தத் துறை ஒரு பெரிய இடியைச் சந்தித்தது. 2016இல் யுபிஐ வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போயின. சில ஆண்டுகளுக்குள் ‘சில்லறை இல்லப்பா, அப்புறம் வாங்க’ என்னும் தொன்மையான வாக்கியம் தெருவிலிருந்து அழிந்துபோனது. அதைப் பாதுகாக்க யாரும் முன்வரவில்லை. 101இன் அந்த ஒரு ரூபாய்க்கு நாணயம் தேடி சாமி மாடம், அரிசி டப்பா, பழைய கைப்பை எல்லாம் துழாவிய காலம் போய், இப்போது அதுவும் விரல் நுனியில் போகிறது. புதிதாக வந்த வாக்கியம், ‘சர்வர் டவுன்.’ நான்காமவர் இதற்கும் அசைவதில்லை. சர்வர் எழுந்திருக்கும் வரை நிற்கிறார்.

யுபிஐயால் விளைந்த ஒரு சிக்கலையும் பதிவு செய்தாக வேண்டும். வசூல் ஸ்கேனர் பொருளாளரின் சொந்தக் கணக்குக்குப் போகிறது. ஒரு முறை ஐந்தாம் தேதியன்று அம்மன் பணம் அதில் கிடந்தபோது, அவருடைய பைக் கடன் தவணையை வங்கி தன்னியக்கமாக எடுத்துக்கொண்டது. பொருளாளர் அன்றிரவே மச்சானிடம் கடன் வாங்கிப் போட்டார். போட்டதை எல்லோருக்கும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். எடுத்ததைப் பற்றி யாரும் கேட்டிராத நிலையில் அந்த ஸ்கிரீன்ஷாட்தான் விசாரணையைத் தொடங்கி வைத்தது.

சட்டப் பகுதியைச் சுருக்கமாக முடிக்கலாம். ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர் ஆண்டுதோறும், “எண்பது ஜி இருக்கா?” என்று கேட்டுவிட்டு 51 கொடுக்கிறார். ஒருமுறை கவுன்சிலர் பதவிக்கு நிற்கும் எண்ணத்தில் இருந்தவர் 10,000 கொடுத்தார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ரசீதுக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாமா என்று குழுவில் தகராறு. பிரதிபலன் இல்லாமல் கொடுக்கும் பணத்தின் ரசீதுக்கு 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. இந்தப் பத்தாயிரம் அந்த விலக்கில் வருமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. இறுதியில் ஸ்டாம்ப் ஒட்டியே கொடுத்தார்கள்.

கணக்கு விஷயம் வேறு. எந்த ஆண்டும் வரவும் செலவும் ஒத்துப்போனதில்லை; துண்டு விழும், பொருளாளர் கைக்காசு போட்டதாக வரும். மைக் செட், சீரியல் லைட், பந்தல், அண்டா வாடகை, பூ என்று பார்த்தால் விழாமல் என்ன செய்யும்? உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மறுபடி குடவோலைக்கு விடக்கூடாது என்கிறது. அவர் மட்டுமல்ல, சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனர் எவரும் கூடாது. இதை ஒரு கூட்டத்தில் நான் எடுத்துரைத்தேன். தலைவர் கையை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்ப நீங்களும் மேல் வீட்டு சாரும்தான் மிஞ்சறீங்க, அண்டா தூக்குவீங்களா?” என்றார். ஆராய்ச்சி அத்தோடு ஒத்திவைக்கப்பட்டது.

அண்டா தூக்குவதை அவர் சும்மா சொல்லவில்லை. சனிக்கிழமை காலையிலேயே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுகிறார்கள். நள்ளிரவில் கோயில் பக்கத்துக் காலிமனையில் செங்கல் அடுக்கி, நொய்யை வேகவிட்டு, மாவை ஊற்றி, ஆள் உயரத் துடுப்பால் இரண்டு பேர் மாறி மாறிக் கிளற வேண்டும். நிறுத்தினால் அடிப்பிடிக்கும். புகையில் கண் எரிய, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே கிளறிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பேசுபவர். அந்த நேரத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் பத்து நிமிடம் துடுப்பைப் பிடித்தேன். தோள்பட்டை மூன்று நாள் வலித்தது. களப்பணியில் ஆய்வாளர் பங்கேற்றதற்கு இதுவே சான்று.

ஞாயிறு பகல் படையல் முடிந்து கூழ் ஊற்றினார்கள். வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. ஒருபுறம் தூக்குவாளிகளின் வரிசை, மறுபுறம் மைக்கில் நன்கொடையாளர் பெயர்கள். மைக் பிடித்தவர் நேரம் கருதி ஒவ்வொரு பக்கத்தின் மேல் வரிகளை மட்டும் வாசித்துக்கொண்டு போனார். நலம் விரும்பி 1001 என்றதும் கைதட்டல். பல் மருத்துவர் 1000, மறுபடியும் கைதட்டல்.

பூக்கார அம்மா வரிசையை விட்டு விலகி, தூக்குவாளியோடு மைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“என் அம்பது ரூவா எங்கப்பா?”

“எழுதியிருக்கும்மா, கடைசில படிப்பாங்க.”

“கடைசில யாரு இருப்பா கேக்க? இப்பப் படி.”

மைக் பிடித்தவர் நோட்டுப் பையனைப் பார்த்தார். பையன் பக்கத்தைத் திருப்பினான், பிறகு இன்னொரு பக்கம், பின்னோக்கி. பாதி காலியாக விட்ட அந்தப் பக்கம் வந்தது. பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் தெரு முழுக்கக் கேட்டன. அம்மா தலையாட்டிவிட்டு, வரிசையில் விட்ட இடத்துக்கே திரும்பி வந்து, எனக்கு முன்னால் நின்றுகொண்டார்.